அண்ணி அளந்த பல்பு

கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே என் அண்ணி எங்கள் இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். பின்பக்கத் தகட்டில் எழுநூற்றைம்பது வாட் என்று அடித்திருந்தது. “பொய்” என்றாள். கைப்பையிலிருந்து மீட்டரை எடுத்து ப்ளக்கின் இரண்டு கால்களிலும் அதன் முனைகளை வைத்தாள். உள்ளேயிருக்கிற கம்பியின் தடை ஐம்பத்து மூன்று ஓம் என்று காட்டியது. வீட்டுக்கு வருகிற கரண்ட் இருநூற்று முப்பது வோல்ட். அதை அதாலேயே பெருக்கி ஐம்பத்து மூன்றால் வகுத்தால் ஆயிரம் வாட் வருகிறது என்று வாய்ப்பாடு ஒப்பிப்பது போல் சொன்னாள். அதுவரைக்கும் அண்ணனின் சட்டை கருகினால் என் கவனக்குறைவு, என் வாய்ப்பேச்சு, என் தலையெழுத்து என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தப்பு என்மேல் இல்லை, பெட்டிமேல்தான் என்று முதல் முதலாகச் சொன்ன ஆள் அவள். அன்றைக்கே எனக்கு அண்ணியைப் பிடித்துப்போயிற்று.

அண்ணிக்கு ஹீட்டர் காயில் சுற்றும் பட்டறையில் வேலை. கரண்ட் அடுப்பு, வெந்நீர் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்குள்ளும் சூடாகிற சுருள் கம்பி ஒன்று இருக்கிறதே, அதை அங்கேதான் செய்கிறார்கள். நிக்ரோம் என்கிற கலப்பு உலோகக் கம்பியை இரும்புக் குச்சியில் நெருக்கமாகச் சுற்றி, குச்சியை உருவிவிட்டு, வேண்டிய அளவுக்கு வெட்ட வேண்டும். எங்கே வெட்டுவது என்பதில்தான் சூட்சுமமே. கம்பி நீண்டால் தடை கூடும், கரண்ட் குறைவாக ஓடும், சூடும் குறையும். கம்பி குட்டையானால் தடை குறைந்து கரண்ட் பாயும், அடுப்பு அனலாகும். தடை கூடினால் சூடும் கூடும் என்று நானும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். குழாயில் அடைப்பு கூடினால் தண்ணீர் கூடுமா என்று அண்ணி ஒரே கேள்வி கேட்டாள். அதற்குமேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முன்பெல்லாம் பட்டறையில் ஒவ்வொரு காயிலையும் எரியவிட்டு, எத்தனை வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று பார்ப்பார்களாம். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை. இரண்டையும் பெருக்கினால் வாட். மொத்தக் கணக்கும் அவ்வளவுதான். அண்ணி வந்த பிறகு அந்த எரியவிடுகிற வேலையை நிறுத்திவிட்டாள். ஆறிக் கிடக்கிற கம்பியிலேயே மீட்டரை வைத்து ஓம் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் மனக்கணக்கிலேயே வந்துவிடும், எரியவிட்டுப் பார்ப்பது வெட்டிச் செலவு என்பது அவள் கட்சி. அது நியாயமும்கூட. நிக்ரோம் கம்பி செக்கச் செவேலென்று பழுத்தாலும் அதன் தடை பெரிதாக மாறாது. ஆறியிருக்கும்போது எவ்வளவோ எரியும்போதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அவள் அளந்து அனுப்பிய காயில் ஒன்றுகூடச் சரியில்லை என்று திரும்பி வந்தது கிடையாது. தன் வேலையைப் பற்றி அவள் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததுமில்லை. மதியச் சாப்பாடு முடிந்து பட்டறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடிக்கிற அந்தச் சின்ன நேரத்தை ராஜாங்கம் கொடுத்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்பாள். சாயங்காலம் விரல் நுனியெல்லாம் கம்பிக்கறை ஏறி வருவாள். அதே விரலால் என் கன்னத்தைக் கிள்ளுவாள், நான் கத்துவேன்.

என் கதையையும் சொல்லியாக வேண்டும். பெருமைப்பட ஒன்றுமில்லை என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். தையல் வகுப்புக்குப் போனேன், டீச்சரோடு சண்டை. டைப்பிங் போனேன், மெஷினோடு சண்டை. ஒரு துணிக்கடை கவுன்ட்டரில் நின்றேன், அங்கே ஒரு வாடிக்கையாளர் அம்மாவோடு நடந்ததை நான் சொல்ல மாட்டேன், அண்ணனைக் கேட்டால் நடித்தே காட்டுவார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது. அப்பா அம்மா போன பிறகு என்னைக் கரையேற்றுகிற பொறுப்பு அண்ணன் தலையில் விழுந்தது. அவருடைய நண்பர் ஒருவர் குளிர்பதனக் கிடங்கு வைத்திருந்தார். வாசலில் ஒரு கண்ணாடி அறை. அதில் வருஷம் பூராவும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வருகிற லாரி போகிற லாரியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பேச ஆளே கிடையாது, அதனால் சண்டையும் வராது என்று அண்ணன் கண்டுபிடித்திருந்தார். நான் போய் அந்த அறையைப் பார்த்தேன். அதில் ஒரு மாதம் உட்கார்ந்தால் நானும் உறைந்துபோவேன் என்று தோன்றியது.

எனக்குக் கோழி வளர்க்க ஆசை. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை, ஆசை என்றால் ஆசைதான். வீட்டுக்குப் பின்னால் பழைய சாமான் போட்டு வைக்கிற அறை ஒன்று இருந்தது. மன்றாடி, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் அண்ணியைத் தூது அனுப்பி அண்ணனைச் சம்மதிக்க வைத்தேன். ஒரே ஒரு தடவை என்றார். குஞ்சுகள் பிழைத்து வளர்ந்தால் என் இஷ்டம். செத்தால், மறுபேச்சில்லாமல் கண்ணாடி அறைக்குப் போய்விட வேண்டும். சரி என்றேன்.

குஞ்சுகள் இரண்டு அட்டைப்பெட்டியில் வந்தன. பிறந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது, உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியவில்லை. தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்குச் சூடுதான் தாய், நூறு வாட் குண்டு பல்பு மூன்றைத் தாழத் தொங்கவிடு என்று விற்றவர் சொல்லியிருந்தார். தெருமுனை எலெக்ட்ரிக் கடையில் வாங்கி வந்து மேஜையில் வைத்திருந்தேன். வேலை முடிந்து வந்த அண்ணி செருப்பைக் கூடக் கழற்றவில்லை. ஒரு பல்பை எடுத்தாள், திருப்பினாள், மீட்டரை வைத்தாள்.

நாற்பது ஓம்.

அவள் முகம் மாறிப்போயிற்று. “இது நூறு வாட் இல்லடி. ஆயிரத்து முந்நூறு” என்றாள். இருநூற்று முப்பதை அதாலேயே பெருக்கு, நாற்பதால் வகு. நானே பெருக்கி வகுத்துப் பார்த்தேன், ஆயிரத்து முந்நூறுக்கும் மேலேயே வந்தது. மற்ற இரண்டு பல்பும் அதே நாற்பது. மூன்றையும் மடியில் கட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போனாள், பின்னாலேயே நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். கடைக்காரர் புதுப் பெட்டியைப் பிரித்துக் கொடுத்தார். அதிலிருந்த அத்தனை பல்பையும் ஒவ்வொன்றாக அளந்தாள். அத்தனையும் நாற்பதை ஒட்டியே நின்றன. மொத்தப் பெட்டியும் மோசடி, வீட்டைக் கொளுத்துகிற சரக்கை விற்கிறீர்களே என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டாள். பாவம், அந்த மனுஷர் எங்கப்பா காலத்திலிருந்து இதைத்தான் விற்கிறோம் என்று முனகினார். ஆனால் அந்தத் தெருவில் காயில்காரம்மா சொன்னால் சொன்னதுதான்.

வீட்டுக்கு வந்து தீர்ப்புச் சொன்னாள். பின்னறைக்குப் போகிற ஒயர் பழசு, ஆறு ஆம்பியருக்கு மேல் தாங்காது. ஒரு பல்பே ஆறுக்குக் கிட்டே இழுக்கும். மூன்று போட்டால் பதினேழு, ஒயர் பற்றிக்கொள்ளும். சூட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், ஆயிரத்து முந்நூறு வாட் சூடு இந்தக் குஞ்சுகளுக்கு யதேஷ்டம், அதற்குமேல் போட்டால் வெந்துவிடும். போதாததற்கு, ஃபியூஸில் தன் கையாலேயே ஆறு ஆம்பியர் கம்பியைப் போட்டுவிட்டுப் போனாள்.

ஒற்றைப் பல்பு தொங்கியது. அதற்கடியில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவிந்து கத்தின. கத்தல் என்றால் அது பசிக் கத்தல் இல்லை. எனக்குக் கோழி தெரியாது, ஆனால் குளிரில் நடுங்குகிற உயிரைப் பார்த்தால் தெரியாதா? அண்ணியிடம் சொன்னேன். எங்கேயோ காற்று வருகிறது என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து சன்னல் இடுக்கில் துணி அடைத்தோம், கதவடியில் சாக்கு போட்டோம், பெட்டியைச் சுற்றி அட்டை நிறுத்தினோம். கத்தல் நிற்கவில்லை. மறுநாள் இரண்டு குஞ்சு செத்துக் கிடந்தன.

அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. எங்கள் கரண்ட் அடுப்பு ஆயிரம் வாட். அதுவும் அண்ணி அளந்து சரி என்று ஒப்புக்கொண்ட ஆயிரம். அதைப் பத்து நிமிஷம் போட்டால் சமையலறையில் நிற்க முடியாது. பல்புக்கடியில் கையை நீட்டிப் பார்த்தேன். இதமாக இருந்தது, அவ்வளவுதான்.

“அண்ணி, அடுப்பைவிடப் பெரிய சூடு இதுல இருக்குன்னா குஞ்சு ஏன் நடுங்குது?” என்று கேட்டேன்.

“மீட்டர் பொய் சொல்லாதுடி” என்றாள்.

“அப்ப குஞ்சு பொய் சொல்லுதா?”

அவள் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். அண்ணி தப்பாக அளந்து நான் கண்டதில்லை, என் சந்தேகங்களோ பெரும்பாலும் என்னைச் சண்டையில்தான் கொண்டுபோய் விட்டிருக்கின்றன.

மறுநாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டிலிருந்து சாரல், தரையெல்லாம் ஈரக்குளிர். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போனபின் பின்னறைக்குப் போனால் இன்னும் மூன்று குஞ்சு செத்துக் கிடந்தன. ஒன்று என் கையிலேயே தலையைத் தொங்கப் போட்டது. கண்ணாடி அறையும் ஸ்வெட்டரும் என் கண்ணுக்கு முன்னால் வந்தது உண்மைதான், பொய் சொல்வானேன். ஆனால் கையிலிருந்த அந்தச் சின்னக் கழுத்தைப் பார்த்ததும் அதெல்லாம் மறந்துவிட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? ஒரு வாளி மணலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். அலமாரிக்கு மேல் அண்ணி ஒளித்து வைத்திருந்த மற்ற இரண்டு பல்பையும் மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினேன்.

ஒன்றும் ஆகவில்லை. ஃபியூஸ் போகவில்லை, ஒயர் புகையவில்லை. மணல் வாளியைக் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். கொஞ்ச நேரத்தில் குஞ்சுகளின் குவியல் இளகியது. ஒன்று இறங்கி நடந்தது. இன்னொன்று தீவனத்தைக் கொத்தியது. மத்தியானத்துக்குள் பெட்டி முழுக்கப் பரவி, அதது தன் பாட்டுக்குத் திரிந்துகொண்டிருந்தது. எனக்கு மட்டும் முதுகில் வியர்வை வழிந்தது.

மழை விடாததால் அண்ணி மதியமே வந்துவிட்டாள். பின்னறைக் கதவிடுக்கில் அவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்ததும் குடையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று பதில்களை எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. சுவரோடு போகிற ஒயரில் உள்ளங்கையை வைத்தாள். இன்னொரு இடத்தில் வைத்தாள். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கம்பியைப் பார்த்தாள், திரும்பச் செருகினாள். ஒயர் ஜில்லென்று இருந்தது. பதினேழு ஆம்பியர் ஓடினால் அந்தக் கம்பி ஒரு நொடி நிற்காது என்று அவளுக்குத் தெரியாதா? அப்படியே நின்றாள். பிறகு குடையைக்கூட எடுக்காமல் நனைந்துகொண்டே திரும்பப் பட்டறைக்குப் போனாள்.

வரும்போது புடவைத் தலைப்புக்குள் ஆம்பியர் மீட்டர் இருந்தது. காயிலை எரியவிட்டுப் பார்க்கிற காலத்து மீட்டர், மூலையில் தூசி படிந்து கிடந்ததாம். ஒரு பல்பை மட்டும் எரியவிட்டு, அதற்குப் போகிற வழியில் அந்த மீட்டரை இடையில் கோத்தாள். வோல்ட் பார்த்தாள்: இருநூற்று இருபத்தைந்து. ஆம்பியர் முள் ஒன்றைக்கூடத் தொடவில்லை, அரைக்கும் கீழேயே நின்றது. புள்ளி நாலு மூணு. வாய்விட்டுக் கணக்குப் போட்டாள். இருநூற்று இருபத்தைந்தைப் புள்ளி நாலு மூணால் வகுத்தால் ஐந்நூற்று இருபது ஓமுக்கு மேல். இரண்டையும் பெருக்கினால் தொண்ணூற்றேழு வாட்.

“நூறு வாட் பல்புதான்” என்றாள், மெதுவாக.

பல்பை அணைத்து, கழற்றி, சூட்டோடு சூடாகத் துணியில் பிடித்துக்கொண்டு ஓம் மீட்டரை வைத்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். எண் எண்பதில் இருந்தது, எழுபதானது, ஐம்பத்தைந்தானது, எங்கள் கண்ணெதிரே வழுக்கி இறங்கி நாற்பதில் போய் நின்றது. திரும்ப மாட்டி எரியவிட்டாள், திரும்ப ஆறவிட்டாள். அது அவளுக்கு அலுக்கவே இல்லை. பல்புக்குள் இருக்கிற கம்பி வேறு ஜாதி. வெள்ளையாகப் பழுக்கும்போது அதன் தடை ஆறியிருந்ததைப் போலப் பதின்மூன்று மடங்கு ஏறிவிடுகிறது. ஏறினால் கரண்ட் குறைகிறது. ஆறிக் கிடந்த பல்பில் நாற்பது ஓம் என்று மீட்டர் காட்டியதும் சத்தியம், பெட்டியில் நூறு வாட் என்று எழுதியிருந்ததும் சத்தியம். இத்தனை வருஷம் நிக்ரோம் கம்பியோடே வாழ்ந்தவளுக்கு எல்லாக் கம்பியும் தன் கம்பியைப் போலத்தான் இருக்கும் என்று தோன்றிவிட்டது.

“ஆறிக் கிடக்கிறதை அளந்துட்டு, எரியறதைப் பத்திப் பேசிட்டேன்” என்றாள். முகத்தில் சிரிப்புக்கூட வந்தது. அப்புறம் மூலையில் நான் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த குஞ்சுகளைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. அந்தப் பொட்டலத்தை அவளே எடுத்துக்கொண்டு போய், மழையிலேயே கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தாள். நான் மண்வெட்டியைக் கேட்டேன், தரவில்லை.

சாயங்காலம் கடைக்குப் போனாள். துணைக்கு வரட்டுமா என்றேன். அவளோ, பத்து பேர் முன்னாடி திட்டினேன், பத்து பேர் முன்னாடிதான் சொல்லணும், நீயும் வா என்றாள். உள்ளதைச் சொன்னால், அண்ணி தலை குனிகிற காட்சியைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவள் குனியவில்லை. நான் அளந்த முறை தப்பு, உங்கள் பல்பு சரி என்று பட்டென்று சொல்லி, ஏன் தப்பு என்று ஆம்பியர் கணக்கோடு விளக்க ஆரம்பித்துவிட்டாள். கடைக்காரருக்குக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. அவள் கிளப்பிய பயத்தில், கடையிலிருந்த குண்டு பல்பை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டாராம். ஏணியைத் தேடிக்கொண்டு ஓடினார். வீட்டில் அண்ணன் ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஆரம்பித்தார். அண்ணி பார்த்த பார்வையில் அடி சறுக்கியது யாருக்கு என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. இறக்கை முளைத்து, பெட்டியை விட்டுத் தாவி, என் தலைமேல் உட்காரத் தொடங்கின. ஆனாலும் நான் தினமும் அவற்றை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். செத்தால் கண்ணாடி அறை என்றுதானே பேச்சு? எல்லாம் செத்தாலா, சில செத்தாலா என்று அப்போது யாரும் பேசிக்கொள்ளவில்லை. அண்ணன் பேச்சு மாறாத மனுஷர், அதுவே அவருடைய நல்ல குணமும் கெட்ட குணமும்.

கிடங்கு நண்பர் ஒரு விடுமுறை நாளில் வந்தார். டீ குடித்தார். தங்கச்சி எப்போது வேலைக்கு வருகிறாள் என்று கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் குஞ்சு செத்துத்தான் போயிற்று, பேச்சு பேச்சாகத்தானே இருக்க வேண்டும் என்று இழுத்தார். ஊரில் எல்லாரோடும் சண்டை போட்ட எனக்கு அப்போது பார்த்து வாயே திறக்கவில்லை. திறந்தால் இவள் பழையபடி ஆரம்பித்துவிட்டாள் என்பார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணி டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். அவற்றைக் கீழே வைத்தாள்.

“செத்ததெல்லாம் என் கணக்குல செத்ததுங்க. இவ கணக்குல ஒண்ணுகூடச் சாகல” என்று அண்ணனிடம் சொன்னாள். பிறகு நண்பர் பக்கம் திரும்பினாள். “அண்ணே, உங்க கிடங்குல பழைய மரப்பெட்டி கிடந்தா நாலு அனுப்பி வைங்க. அடுத்த தடவை இவளுக்கு இடம் பத்தாது.”

நண்பர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார், சரி என்று தலையை ஆட்டினார். அடுத்த தடவை என்று என்னைப் பற்றி அந்த வீட்டில் யாரும் அதுவரை சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. யார் பார்த்தால் என்ன என்று நின்ற இடத்திலேயே ஓவென்று அழுதேன். நண்பர் பயந்துபோய், ஆறு பெட்டியாகவே அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அவசர அவசரமாகச் செருப்பை மாட்டினார்.